ஸ்வெல்ட்கிட்டும் தேயிலை ஏலமும்

புதிதாக ஒரு வெப் ஃபிரேம்வொர்க் கற்கும்போது எதைக் கட்டிப் பார்க்கலாம் என்று ஆபீஸில் சேரும் இளைஞர்கள் கேட்பார்கள். டு-டூ லிஸ்ட் மட்டும் வேண்டாம் என்பதுதான் நான் சொல்லும் முதல் விஷயம். அதில் இருப்பது ஒரே ஆள். அவர் எழுதுவதை அவரே படிக்கிறார், அவரே அழிக்கிறார். சர்வர் இல்லாமலே ஓடிவிடும். பட்டன், பட்டியல், அனிமேஷன் எல்லாம் நன்றாகப் பழகும். ஆனால் சம்பளத்துக்குச் செய்யும் வேலையில் ராத்திரி பதினொரு மணிக்கு போன் வருவது பட்டன் நிறத்துக்காக இருக்காது. ஒருவர் திரையில் ஒரு தொகை, அதே பொருளுக்கு இன்னொருவர் திரையில் வேறு தொகை என்றுதான் வரும். அந்த இடத்தில் ஒரு ஃபிரேம்வொர்க் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்காதவரை அதைக் கற்றுவிட்டதாகச் சொல்ல முடியாது.

அதனால் ஸ்வெல்ட்கிட் கற்க உட்கார்ந்தபோது ஒரு தேயிலை ஏலத்தைக் கட்டலாம் என்று முடிவு செய்தேன். பலர் ஒரே நேரத்தில் ஒரே சரக்கைப் பார்க்கிறார்கள், விலை நொடிக்கு நொடி ஏறுகிறது, கடைசியில் ஒரே ஒரு விடைதான் சரி. பயிற்சிக்கு இதைவிடக் கறாரான கணக்கு கிடைப்பது அரிது.

அதோடு நான் இருப்பது கொல்கத்தாவில். இந்தியாவின் முதல் பொதுத் தேயிலை ஏலம் 1861 டிசம்பர் 27 அன்று இந்த ஊரில்தான் நடந்தது. அதை நடத்திய தாமஸ் நிறுவனம் இன்றைக்கும் ஜே. தாமஸ் அண்ட் கம்பெனி என்ற பெயரில், டல்ஹவுசி பக்கம் ஆர்.என். முகர்ஜி சாலையில் உள்ள நீல்ஹாட் ஹவுஸில் தொழில் செய்கிறது. நம் பக்கத்து ஏலங்கள் இதற்கு ரொம்பப் பிந்தியவை. கொச்சியில் 1947-இல், குன்னூரில் 1963-இல். குன்னூர் ஏலத்தில் ஒரு கிலோவுக்குக் கிடைக்கும் சராசரி விலையை வைத்துத்தான் நீலகிரியில் சிறு விவசாயிக்குப் பச்சைத் தேயிலைக்கு என்ன விலை என்று கணக்குப் போடுகிறார்கள். கோத்தகிரியில் அரை ஏக்கர் வைத்திருப்பவர் கையில் வந்து சேரும் காசு அது. ஏலத் திரையில் ஒரு எண் தப்பாக விழுவதை நான் சும்மா ஒரு பக் என்று எடுத்துக்கொள்ளாததற்கு இதுதான் காரணம்.

தேயிலை வாரியம் மின்னணு ஏலத்தைக் கொண்டுவந்த பிறகு, கூடத்தில் உட்கார்ந்து குரல் கொடுத்துக் கேட்கும் முறை படிப்படியாகப் போய்விட்டது. 2016-இல் நாடு முழுவதற்குமான ஏல முறை வந்தது. ஒரு மையத்தில் பதிவு செய்த வியாபாரி வேறு மையத்துச் சரக்குக்கும் விலை கேட்க முடிந்தது. நான் கட்டியது அந்த நிஜ அமைப்பின் நகல் இல்லை. அந்தத் தொழிலின் விதிகளை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

விதிகளைச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் கட்டடத்தில் கீழ்த்தளத்தில் இருக்கும் ஒரு பெரியவர். லேக் மார்க்கெட் பக்கம் வீடு. தேயிலைத் தரகில் வாழ்நாள் முழுக்க வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் காக்கு என்றுதான் கூப்பிடுவேன். லாட் நம்பர், தோட்டத்தின் பெயர், கிரேடு, எத்தனை மூட்டை, எத்தனை கிலோ என்று ஒரு பழைய கேட்டலாகை விரித்துவைத்து வரி வரியாக விளக்கினார். பழைய கூடத்தில் ஒரே லாட்டை இரண்டு பேர் தலையசைத்துப் பங்கு போட்டுக்கொள்வதும் உண்டாம். அதைக் கேட்டதுமே, லாட் டேபிளில் வாங்கியவர் என்று ஒரே நெடுவரிசை வைக்கும் எண்ணத்தைக் கைவிட்டேன். வாங்கியவர்களுக்குத் தனி டேபிள்.

நான் கேட்ட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. "காக்கு, நேரம் முடிகிற அதே நொடியில் ஒருத்தர் கை தூக்கினால் என்ன செய்வீங்க?"

"சுத்தியல் விழுந்துவிட்டதா இல்லையா, அவ்வளவுதான். உன் கையில் என்ன கடிகாரம் கட்டியிருக்கிறாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள்."

என் அப்ளிகேஷனின் வடிவம் முழுவதும் அந்தப் பதிலிலிருந்து வந்தது. சுத்தியல் சர்வரில் இருக்க வேண்டும். பிரவுசரில் இருப்பதெல்லாம் கூடத்தில் உட்கார்ந்திருப்பவரின் கைக்கடிகாரம்.

ஸ்வெல்ட்கிட்டுக்குள் போவதற்கு முன், ஃப்ளாஷ் பிளேயரில் ஓடிய ஃப்ளெக்ஸ் என்ற ஃபிரேம்வொர்க்கைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். இன்றைய பிள்ளைகளுக்கு அந்தப் பெயரே தெரியாது. நான் 2008-இல் சால்ட் லேக் செக்டர் ஃபைவில் வேலைக்குச் சேர்ந்தபோது அதுதான் புதுசு. காலேஜ் மோரில் இறங்கி, முறி கடைகளையும் மண் குவளை டீக்கடைகளையும் தாண்டி நடந்தால், எந்தக் கட்டடத்தில் நுழைந்தாலும் யாராவது ஃப்ளெக்ஸ் பழகிக்கொண்டிருப்பார்கள். மேக்ரோமீடியா நிறுவனம் 2002-இலேயே ரிச் இன்டர்நெட் அப்ளிகேஷன் என்ற சொல்லைப் புழக்கத்தில் விட்டது. 2004-இல் ஃப்ளெக்ஸின் முதல் பதிப்பு வந்தது. 2005 கடைசியில் அடோபி மேக்ரோமீடியாவை வாங்கியது. 2008 பிப்ரவரியில் ஃப்ளெக்ஸ் 3 ஓப்பன் சோர்ஸாகவே வந்தது. பக்கம் பக்கமாக ரீலோட் ஆகிக்கொண்டிருந்த வெப்பில், இழுத்தால் நகரும் டேபிளும் அங்கேயே மாறும் சார்ட்டும் வந்தபோது வாடிக்கையாளர்கள் அசந்துபோனார்கள்.

ஆனால் ஃப்ளெக்ஸ் எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்தச் சார்ட்டுகளை அல்ல. பிளேஸ்டிஎஸ் என்று ஒரு சர்வர் பகுதி இருந்தது. ஜாவாவில் ஒரு கிளாஸ், அதற்கு ஜோடியாக ஆக்‌ஷன்ஸ்கிரிப்டில் ஒரு கிளாஸ். இரண்டையும் ரிமோட்கிளாஸ் என்ற ஒரு குறிப்பால் கட்டிவைக்க வேண்டும். நடுவில் போகும் தகவல் ஏஎம்எஃப் என்ற பைனரி வடிவத்தில் போகும். தேதி தேதியாகவே போய்ச் சேரும், எண் எண்ணாகவே போய்ச் சேரும். கட்டிவைக்க மறந்தால் பெயரில்லாத ஒரு பொதுவான ஆப்ஜெக்ட் வந்து நிற்கும், காஸ்ட் செய்த இடத்தில் எல்லாம் நல் வரும். இன்னொரு பொறியும் உண்டு. ஜாவா பக்கம் இன்டிஜர் நல்லாக இருந்தால் ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் பக்கத்து இன்ட்டில் அது பூஜ்யமாகிவிடும். ஏலத்தில் இதை நினைத்துப் பாருங்கள். இன்னும் யாரும் விலை கேட்கவில்லை என்பதும் விலை பூஜ்யம் என்பதும் ஒன்றா?

சர்வர் தானாகவே தகவலைத் தள்ளும் ஸ்ட்ரீமிங் வசதியும் பிளேஸ்டிஎஸ்ஸில் இருந்தது. அதன் கான்ஃபிகரேஷன் கோப்பில் ஸ்ட்ரீமிங் இணைப்புகளின் உச்சவரம்பு முதலில் 10 என்றுதான் இருக்கும். ஒவ்வொரு இணைப்பும் சர்வரில் ஒரு திரெட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும் என்பதால் அப்படி. பதினோராவது ஆளுக்கு என்ன ஆகும் என்ற கேள்வியை டெமோ நாளிலேயே கேட்கப் பழகியது அங்கேதான்.

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். ஐபோனில் ஃப்ளாஷ் ஏன் இல்லை என்று ஸ்டீவ் ஜாப்ஸ் 2010 ஏப்ரலில் திறந்த கடிதம் எழுதினார். 2011 கடைசியில் அடோபி ஃப்ளெக்ஸை அப்பாச்சி அமைப்புக்குக் கொடுத்துவிட்டது. 2020 டிசம்பர் 31-உடன் ஃப்ளாஷ் பிளேயருக்கு ஆதரவு முடிந்தது. 2021 ஜனவரி 12 முதல் அது எந்தப் படத்தையும் ஓட்ட மறுத்தது. நாங்கள் எழுதிய திரைகளில் ஒன்றுகூட இன்று ஓடாது. அந்த வகைகளையும் நல்களையும் இணைப்புகளையும் பற்றிக் கற்றது மட்டும் ஒரு வரிகூட வீணாகவில்லை.

இனி ஸ்வெல்ட்கிட். ஸ்வெல்ட்டை 2016-இல் உருவாக்கியவர் ரிச் ஹாரிஸ், பத்திரிகை அலுவலகங்களில் ஊடாடும் வரைபடங்கள் செய்துகொண்டிருந்தவர். ஸ்வெல்ட் ஒரு கம்பைலர். நாம் எழுதுவதை முன்கூட்டியே சின்ன ஜாவாஸ்கிரிப்டாக மாற்றிவிடும், பிரவுசருக்குப் போகும் சுமை குறைவு. அதன் மேல் ரூட்டிங், சர்வர் எல்லாம் சேர்த்தது ஸ்வெல்ட்கிட். அதன் 1.0 பதிப்பு 2022 டிசம்பரில் வந்தது. 2024 அக்டோபரில் வந்த ஸ்வெல்ட் 5-இல் ரூன்ஸ் என்ற புது எழுத்துமுறை வந்தது. எது மாறும், எது அதிலிருந்து கணக்கிடப்படும், எது மாறினால் எதைச் செய்ய வேண்டும் என்று மூன்று வகையாகச் சொல்லிவிட வேண்டும். ரியாக்ட் தெரிந்தவருக்கு இது ஒரு வார இறுதியில் பிடிபடும். திரைப் பக்கத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறது.

சர்வர் பக்கம் வந்தால்தான் சுவாரசியம். ஒவ்வொரு பக்கத்துக்கும் லோட் என்று ஒரு ஃபங்ஷன் எழுதலாம். கோப்பின் பெயரில் சர்வர் என்று இருந்தால் அது சர்வரில் மட்டும் ஓடும், டேட்டாபேஸை நேரடியாகத் தொடலாம், பாஸ்வேர்டு வெளியே போகாது. இல்லாவிட்டால் முதல் தடவை சர்வரிலும் அப்புறம் பிரவுசரிலும் ஓடும். கோப்பின் பெயரிலேயே எல்லைக்கோடு போட்டுவிடுவது எனக்கு ரொம்பப் பிடித்தது. எந்த வரி எங்கே ஓடுகிறது என்பதில் சந்தேகம் வந்தால் அந்தப் புராஜெக்ட் உருப்படாது.

சர்வர் லோட் அனுப்புவது வெறும் ஜேசன் இல்லை என்பதையும் கவனியுங்கள். ஜேசனில் தேதி வெறும் எழுத்தாகிவிடும். ஸ்வெல்ட்கிட் பயன்படுத்தும் டிவேல்யூ என்ற லைப்ரரி தேதி, மேப், செட், பெரிய முழு எண் எல்லாவற்றையும் அதே வகையாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. நம் சொந்த கிளாஸ் போக வேண்டுமென்றால் டிரான்ஸ்போர்ட் என்ற இடத்தில் எப்படிப் பிரிப்பது, எப்படிச் சேர்ப்பது என்று எழுதிவைக்கலாம். அதைப் பார்த்ததும் எனக்கு பிளேஸ்டிஎஸ்தான் ஞாபகம் வந்தது. ரிமோட்கிளாஸ் குறிப்பு செய்த அதே வேலை. நடுவில் பத்து வருடத்துக்கு மேலாக நாம் எல்லோரும் தேதியை எழுத்தாக அனுப்பி, மறுபடி தேதியாக்கி, அதில் ஐந்தரை மணி நேரத்தைத் தொலைத்துக்கொண்டிருந்தோம். விலைக்கு நான் ரூபாய் என்று ஒரு கிளாஸ் எழுதி, உள்ளே பைசாவாக முழு எண்ணில் வைத்து, டிரான்ஸ்போர்ட் வழியாக அனுப்புகிறேன். தசமப் புள்ளிக் கணக்கு எங்கேயும் இல்லை.

அடுத்தது, இந்த மாதிரி ஃபிரேம்வொர்க்குகளில் புதியவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஆபத்து. சர்வரில் ஓடும் கோப்பின் மேல்மட்டத்தில் ஒரு வேரியபிள் வைத்தால் அது எல்லாப் பயனர்களுக்கும் ஒரே வேரியபிள். பிரவுசரில் ஒரு டேபுக்கு ஒன்று என்று பழகிய கை, அதே பழக்கத்தில் சர்வர் கோப்பிலும் "இப்போதைய பயனர்" என்று ஒன்றை எழுதிவிடும். தனியாகச் சோதிக்கும்போது சரியாகவே ஓடும். இரண்டு பேர் நுழைந்தவுடன் ஒரு வியாபாரி தன் உச்ச விலை என்று ரகசியமாக வைத்திருக்கும் எண் இன்னொருவர் திரையில் வந்து நிற்கும். ஏலத்தில் இதைவிடப் பெரிய துரோகம் கிடையாது. பயனர் சம்பந்தப்பட்டது எதுவானாலும் அந்தந்த ரிக்வெஸ்ட்டின் லோக்கல்ஸில் மட்டும் வையுங்கள். டாக்குமென்டேஷனில் இதைத் தனித் தலைப்பாகவே எச்சரித்திருக்கிறார்கள், அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

சர்வரில் ஏற்றும்போது வரும் ஒரு 403-ஐயும் சொல்லிவிடுகிறேன். நோட் அடாப்டரில் பில்ட் செய்து என்ஜின்எக்ஸ் பின்னால் வைத்தால், லோக்கலில் வேலை செய்த படிவம் எல்லாம் வேறு தளத்திலிருந்து வரும் போஸ்ட் அனுமதிக்கப்படாது என்று திருப்பி அடிக்கும். படிவம் எந்த முகவரியிலிருந்து வந்தது என்று ஸ்வெல்ட்கிட் சரிபார்க்கிறது. புராக்ஸி நடுவில் இருப்பதால் தன் சொந்த முகவரி என்னவென்று அதற்குத் தெரியவில்லை. ஆரிஜின் என்ற என்விரான்மென்ட் வேரியபிளில் தளத்தின் முழு முகவரியைக் கொடுத்தால் தீர்ந்தது. சிலர் அந்தச் சோதனையையே அணைத்துவிடச் சொல்வார்கள். செய்யாதீர்கள். பணம் போகும் படிவத்துக்கு அந்தக் காவல் வேண்டும்.

இனி சுத்தியல். விலை கேட்கும் ரிக்வெஸ்ட் வந்ததும் இப்போதைய விலையைப் படித்து, ஒப்பிட்டு, பிறகு எழுதுவது என்று மூன்று படியாகச் செய்தால் இரண்டு பேருக்கு நடுவே ஓட்டை விழும். இருவரும் 212 ரூபாய் என்று படிப்பார்கள், இருவரும் 213 என்று எழுதுவார்கள், இருவருக்கும் "உங்கள் விலைதான் முன்னணி" என்று பதில் போகும். படிப்பதும் எழுதுவதும் ஒரே எஸ்கியூஎல் வாக்கியமாக இருக்க வேண்டும். இந்த லாட்டின் விலை நான் கேட்பதைவிடக் குறைவாகவும், முடியும் நேரம் இன்னும் வராமலும் இருந்தால் மட்டும் மாற்று. மாறிய வரிசை ஒன்று என்றால் ஜெயித்தது, பூஜ்யம் என்றால் இல்லை. போஸ்ட்கிரெஸ்ஸில் இரண்டாவது ஆள் முதல் ஆளின் பூட்டு விடுபடும்வரை காத்திருப்பார். விடுபட்டதும் நிபந்தனை புது விலையோடு மறுபடி சரிபார்க்கப்படும். நாம் வேறு எதுவும் செய்ய வேண்டாம்.

இங்கே ஒரு நுணுக்கம். போஸ்ட்கிரெஸ்ஸில் நவ் என்று கேட்டால் அந்த டிரான்சாக்‌ஷன் ஆரம்பித்த நேரத்தைத் தரும். கிளாக் டைம்ஸ்டாம்ப் என்று கேட்டால் அந்தக் கணத்தின் நிஜ நேரத்தைத் தரும். ஏலம் முடிய ஒரு மில்லி விநாடி இருக்கும்போது உள்ளே வந்து, பூட்டுக்காகக் காத்திருந்து, முடிந்த பிறகு முறை வருகிறவரை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஃபங்ஷனில் அவர் விலை செல்லும், இரண்டாவதில் செல்லாது. எது நியாயம்? இது புரோகிராமர் தனியாக முடிவு செய்கிற விஷயமே இல்லை. கேட்டலாகோடு மறுபடி கீழ்த்தளத்துக்குப் போனேன். காக்கு யோசிக்கவே இல்லை. "கூடத்துக்குள் வந்து கை தூக்கிவிட்டான் இல்லையா? மேடையில் இருப்பவர் பார்க்கத் தாமதமானால் அது அவன் குற்றமா?" ஆக, நவ். ஏன் என்று கோடின் மேலேயே தமிழில் மூன்று வரி கமென்ட் எழுதிவைத்திருக்கிறேன்.

நெட் திணறும்போது பட்டனை இரண்டு தடவை அழுத்துவது மனித இயல்பு. விலை கேட்கும் ஒவ்வொரு படிவத்துக்கும் ஒரு தனி அடையாள எண்ணை உருவாக்கி அதையும் சேர்த்து அனுப்புகிறேன். டேபிளில் அந்த நெடுவரிசை யூனிக். அதே எண் மறுபடி வந்தால் புதிதாக எதுவும் நடக்காது, பழைய பதிலே திரும்பப் போகும். இதைப் படிவத்திலேயே ஒரு மறைந்த ஃபீல்டாக வைத்துவிடலாம். ஸ்வெல்ட்கிட்டின் ஃபார்ம் ஆக்‌ஷன் ஜாவாஸ்கிரிப்ட் இறங்குவதற்கு முன்பே வேலை செய்யும் என்பதால் இது நன்றாகப் பொருந்துகிறது.

மாறிய விலையை மற்றவர்களுக்குத் தெரிவிப்பது எப்படி? வெப்சாக்கெட் என்றுதான் எல்லோரும் ஆரம்பிப்பார்கள். நான் சர்வர் சென்ட் ஈவென்ட்ஸ் எடுத்துக்கொண்டேன். விலை கேட்பது சாதாரண போஸ்ட்டாகப் போகிறது, சர்வரிலிருந்து கீழே வருவது மட்டும்தான் தொடர்ச்சியாக வேண்டும். ஒருவழிப் பாதைக்கு இருவழிச் சாலை எதற்கு? ஸ்வெல்ட்கிட்டில் ஒரு எண்ட்பாயின்ட் எழுதி, அதிலிருந்து ஸ்ட்ரீமைத் திருப்பி அனுப்பினால் போதும். டேட்டாபேஸில் விலை மாறி கமிட் ஆனதும் போஸ்ட்கிரெஸ்ஸின் நோட்டிஃபை வழியாக நோட் சர்வருக்குச் செய்தி வரும், அது எல்லா ஸ்ட்ரீமிலும் எழுதிவிடும். நோட்டிஃபை செய்தி 8000 பைட்டுக்குள் இருக்க வேண்டும் என்பதால் நான் லாட் நம்பரையும் அந்த விலையின் வரிசை எண்ணையும் மட்டும் அனுப்புகிறேன்.

இந்த முறையின் பெரிய வரம், அறுந்த இணைப்பை பிரவுசர் தானாகவே மறுபடி கட்டுவது. அப்போது கடைசியாகப் பார்த்த ஈவென்ட்டின் எண்ணையும் ஹெட்டரில் சேர்த்து அனுப்பும். சர்வர் அந்த எண்ணுக்குப் பிறகு நடந்ததை மட்டும் வரிசையாகக் கொடுத்தால் போதும். அதற்கு ஒவ்வொரு விலைக்கும் ஏறுவரிசை எண் இருக்க வேண்டும், அதைத் தரும் இடம் டேட்டாபேஸாகத்தான் இருக்க வேண்டும்.

ஆனால் நடுவில் உட்கார்ந்திருக்கும் என்ஜின்எக்ஸ் விடாது. லேப்டாப்பில் ஒரு நொடிக்குள் வந்த விலை, சர்வரில் ஏற்றியதும் மொத்தமாகச் சேர்ந்து கொத்தாக வந்து விழும். பதிலை பஃபர் செய்து அனுப்புவது அதன் சுபாவம். பஃபர் வேண்டாம் என்று சொல்லும் ஹெட்டரை நம் பதிலில் சேர்த்தால் சரியாகிவிடும். இன்னொன்று, 60 விநாடி எந்த எழுத்தும் வராவிட்டால் என்ஜின்எக்ஸ் இணைப்பை வெட்டிவிடும். பதினைந்து விநாடிக்கு ஒரு முறை வெறும் முக்காற்புள்ளி உள்ள ஒரு வரியை அனுப்பினால் அது கமென்ட்டாகக் கருதப்படும், திரையில் எதுவும் ஆகாது, இணைப்பு உயிரோடு இருக்கும். பழைய ஹெச்டிடிபி 1.1-இல் ஒரு தளத்துக்கு பிரவுசர் ஆறு இணைப்புகள்தான் திறக்கும். ஒரு வியாபாரி ஏழு டேபில் ஏழு லாட்டைத் திறந்தால் ஏழாவது சுற்றிக்கொண்டே இருக்கும். ஹெச்டிடிபி 2-ஐ இயக்கிவிடுங்கள், அந்தத் தொல்லை போய்விடும். பிளேஸ்டிஎஸ்ஸின் பத்து இணைப்பு வரம்பைப் பார்த்தவனுக்கு இந்த ஆறு புதிதாகத் தெரியவில்லை.

கடிகாரத்துக்கு வருவோம். ஏலம் முடிய இன்னும் எத்தனை நொடி என்று திரையில் காட்ட வேண்டும். நொடிக்கு ஒன்று கழித்துக்கொண்டே போகும் கோடு எழுதினால் பார்க்க அழகாக ஓடும். டேபை மாற்றிப் பாருங்கள். பின்னால் போன டேபின் டைமர்களை குரோம் மெதுவாக்கிவிடும். 2021-இல் வந்த 88-ஆம் பதிப்பிலிருந்து, சில நிமிடங்கள் மறைந்திருந்த டேபில் டைமர் நிமிடத்துக்கு ஒரு தடவைதான் ஓடும் நிலைகூட வரும். திரும்பி வந்த வியாபாரி இன்னும் நாலு நிமிடம் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பார், லாட் எப்போதோ போயிருக்கும். எனவே முடியும் நேரத்தை மட்டும் சர்வரிலிருந்து வாங்குங்கள். ஒவ்வொரு ஈவென்ட்டோடும் சர்வரின் நேரத்தையும் அனுப்பி, இந்தக் கணினியின் கடிகாரம் எவ்வளவு முன்பின் என்று கணக்கிட்டு, ஒவ்வொரு முறையும் முழுசாகக் கழித்துக் காட்டுங்கள்.

நேர மண்டலத்திலும் இந்த ஊருக்கு ஒரு சொந்தப் பிரச்சினை உண்டு. இந்தியா முழுவதற்கும் கணினி உலகில் நேர மண்டலத்தின் பெயர் ஏசியா/கொல்கத்தா. சென்னையில் சர்வர் வைப்பவரும் அதைத்தான் தேர்ந்தெடுக்கிறார். ஊரின் பெயர் அதிகாரபூர்வமாக மாறியது 2001-இல். ஆனால் உங்கள் நேர மண்டலம் எது என்று பிரவுசரைக் கேட்டால் ஃபயர்ஃபாக்ஸ் ஏசியா/கொல்கத்தா என்கிறது, குரோம் பல காலமாக ஏசியா/கல்கத்தா என்றே சொல்லிவந்திருக்கிறது. இரண்டையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு இந்தியப் பயனரா என்று முடிவு செய்யும் கோடு பாதிப் பேரை வெளிநாட்டுக்காரர் ஆக்கிவிடும். பெயரை ஒப்பிடாதீர்கள். நேரத்தை யுடிசியில் வைத்து, காட்டும்போது மட்டும் மாற்றுங்கள்.

தூரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். நான் பயன்படுத்தும் கிளவுட் சர்வர் மும்பையில் இருக்கிறது. இங்கிருந்து நேர்கோட்டில் சுமார் 1,650 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் போகும் என்பதால், கேபிள் வளையாமல் போனாலே போய் வர 16 மில்லி விநாடிக்கு மேல் ஆகும். நிஜத்தில் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. சிலிகுரியிலோ குவாஹாட்டியிலோ இருந்து கேட்பவருக்கு இன்னும் கூடுதல். மும்பையில் இருப்பவருக்கு அந்த அளவு முன்னுரிமை தானாகவே கிடைத்துவிடுகிறது. இதைச் சரிக்கட்ட ஒரு வழி, கடைசி சில நொடிகளில் புது விலை வந்தால் முடியும் நேரத்தைக் கொஞ்சம் தள்ளிவைப்பது. கூடத்தில் சுத்தியலைத் தூக்கிப் பிடித்தபடி ஒரு சுற்றுக் கண்ணோட்டம் விடுவார்களே, அதே வேலை. அப்படிச் செய்த பிறகு மில்லி விநாடிக்கு மதிப்பே இல்லாமல் போகிறது.

இணைப்பு அறுவதை விதிவிலக்காக நினைக்கும் கோடு இந்த ஊருக்கு ஆகாது. சித்திரை, வைகாசியில் சாயங்காலம் கால்பைசாகி என்ற கோடைச் சூறாவளி மழை அடித்தால் மரக்கிளையோடு கேபிளும் சேர்ந்தே விழும். 2020 மே 20-ஆம் தேதி ஆம்பன் புயலுக்குப் பிறகு எத்தனையோ தெருக்களில் நாள் கணக்கில் மின்சாரமும் இல்லை, நெட்டும் இல்லை. திரை உறைந்து நிற்கும்போது கடைசியாக வந்த விலையைப் பளிச்சென்று காட்டிக்கொண்டிருப்பது பொய் சொல்வதற்குச் சமம். சர்வர் உயிரோடு இருப்பதாகச் சொல்லும் ஹார்ட்பீட் செய்தி கடைசியாக வந்து இருபது விநாடி தாண்டினால் விலை மங்கி, "தொடர்பு இல்லை, இது பழைய விலை" என்று மேலே வருகிறது, விலை கேட்கும் பட்டன் அணைந்துவிடுகிறது. கமென்ட் வரியை பிரவுசர் நம் கோடுக்குக் கொடுக்காது என்பதால், இந்தச் சோதனைக்காகப் பெயருள்ள ஒரு சின்ன ஈவென்ட்டையும் சேர்த்து அனுப்ப வேண்டியிருந்தது. இந்தச் சின்னப் பகுதிக்குச் செலவிட்ட நேரம் மற்ற எல்லாத் திரைக்கும் சேர்த்துச் செலவிட்டதைவிட அதிகம், அது தகும்.

ஸ்வெல்ட்கிட் எப்படி என்று கேட்டால், சர்வரோடு பேசும் வேலைக்கு நான் தொட்ட ஃபிரேம்வொர்க்குகளில் இதுதான் நேர்மையானது. எல்லைக்கோட்டை மறைக்காமல் காட்டுகிறது. குறை என்றால், வெப்சாக்கெட் தேவைப்படும் வேலைக்குத் தனியாக சர்வர் கோடு எழுதிச் சேர்க்க வேண்டியிருக்கிறது. செக்டர் ஃபைவில் வேலை விளம்பரங்களைப் பார்த்தால் ரியாக்ட்தான் நிறைய, அதையும் மறைக்க வேண்டியதில்லை. வேலைக்காக ரியாக்ட் கற்பவர்களும் இதே ஏலத்தை அதில் கட்டலாம். பூட்டும், வரிசை எண்ணும், ஹார்ட்பீட்டும், கடிகாரமும் அப்படியே இருக்கும்.

தமிழ்நாட்டிலிருந்து படிப்பு முடித்து இங்கே வேலைக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். பயிற்சிக்கு உங்கள் ஊரில் பல பேர் ஒரே நேரத்தில் ஒன்றைக் கேட்கும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஈரோட்டில் மஞ்சள் மார்க்கெட் இருக்கிறது, ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டி இருக்கிறது. அங்கே ஒரு நாள் போய் நின்று, விதிகளைக் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். பிரவுசரில் இரண்டு ஜன்னலைப் பக்கத்தில் பக்கத்தில் திறந்துவைத்து, ஒன்றில் நெட்வொர்க்கைத் துண்டித்துவிட்டு மற்றொன்றில் விலையை ஏற்றுங்கள். மறுபடி இணைத்ததும் இரண்டிலும் ஒரே எண் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியும்வரை சிஎஸ்எஸ் பக்கம் போகாதீர்கள்.